கனமான கருவியை ஒரு விரலால் புரட்டலாமா?

மைக் செட் கடையில் ஆம்ப்ளிஃபையரைப் பழுது பார்ப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பெட்டியைக் கழற்றினால் தகட்டின் மேலே மின்மாற்றியும் வேறு சில பெரிய பாகங்களும் தெரியும். கம்பிகளும் பற்றவைத்த முனைகளும் தகட்டுக்கு அடியில் இருக்கும். ஆகவே கருவியைக் கவிழ்த்து, இருபுறமும் செங்கல் முட்டுக் கொடுத்து வேலை செய்வார்கள். மேலே ஒன்றைத் தொடவேண்டுமானால் மறுபடியும் நிமிர்த்த வேண்டும்.

இதே தொல்லை வெளிநாட்டு விளையாட்டுக் கூடங்களில் உள்ள 'பின்பால்' இயந்திரங்களிலும் உண்டு. பந்து உருளும் பலகையின் அடியில்தான் மின்காந்தச் சுருள்களும் சுவிட்சுகளும் இருக்கின்றன. அவற்றைப் பழுது பார்ப்போர் பலகையை இரண்டு தாங்கிகளுக்கு நடுவே மாட்டி, வேண்டிய பக்கம் சுழற்றிக்கொள்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜோலார்பேட்டையில் என் வீட்டுத் திண்ணையில் அப்படி ஒரு தாங்கி செய்தேன். இரண்டு மரக்கால்கள், நடுவே 12 கிலோகிராம் எடையுள்ள ஆம்ப்ளிஃபையர். அச்சைத் தகட்டின் விளிம்பிலேயே பொருத்திவிட்டேன். கவிழ்ந்த நிலையில் கருவி சாதுவாக நின்றது. நிமிர்த்திக் கையை எடுத்தேன். மறுகணம் தானே புரண்டு, என் விரலை மரக்காலோடு சேர்த்து நசுக்கியது. இயற்பியல் கற்பிப்பவனுக்கு இது நேர்ந்திருக்கக் கூடாது!

காரணம் என்ன? கனமான மின்மாற்றி தகட்டுக்கு மேலே இருப்பதால், கருவியின் புவியீர்ப்பு மையமும் தகட்டுக்கு மேலேதான் இருக்கும். நிமிர்ந்த நிலையில் அது அச்சுக்கு மேலே வருகிறது. இது உறுதியற்ற சமநிலை. சிறிது சாய்ந்தாலும் புரண்டுவிடும். கவிழ்த்தால் மையம் அச்சுக்குக் கீழே போகிறது. இது உறுதிச் சமநிலை; ஊசல் போல அங்கேயே திரும்பி வரும். மையம் அச்சிலிருந்து 8 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது அச்சுக்குப் பக்கவாட்டில் வரும்போது திருப்புத்திறன் 12 × 8 = 96 கிலோகிராம்-சென்டிமீட்டர். அச்சிலிருந்து 24 செ.மீ. தூரத்தில் பிடித்தால் உங்கள் கை 4 கிலோ எடையைத் தாங்க வேண்டும். ஒரு கையில் பற்றவைப்புக் கோலுடன் இதைச் செய்துபாருங்கள், தெரியும்.

மையத்தின் வழியாகவே அச்சு சென்றால் அந்தத் தூரம் பூஜ்யம், திருப்புத்திறனும் பூஜ்யம். இதுவே நடுநிலைச் சமநிலை. எந்தக் கோணத்தில் விட்டாலும் கருவி அப்படியே நிற்கும். (ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் டிரம்கள் இதற்கு நேர்மாறு. உள்ளே தோலும் நீரும் ஒரு பக்கமாக ஏறி ஏறி விழுவதால், அவற்றைத் தூக்கிக்கொண்டே இருக்க மோட்டார் ஓயாமல் உழைக்கிறது.)

மையத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, மின்தேக்கிகளில் மின்னூட்டம் இல்லை என்பதைத் தெரிந்தவரைக் கொண்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கருவியின் இரு பக்கங்களிலும் மின்மாற்றியைவிட உயரமான ஒட்டுப்பலகைகளைத் திருகி இணையுங்கள். இரு பலகைகளிலும் மேல் மூலைகளில் நேருக்கு நேராகத் துளையிட்டு, முன்மூலைத் துளைகளில் ஒரு கம்பியைச் செருகித் தொங்கவிடுங்கள். அதே கம்பியில் தூக்குக்குண்டைக் கட்டி, நூல் செல்லும் வழியில் பலகையில் கோடு வரையுங்கள். பிறகு பின்மூலையில் தொங்கவிட்டு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில்தான் அச்சு இருக்க வேண்டும். தூக்கும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

அந்தப் புள்ளியில் ஒவ்வொரு பலகையிலும் ஒரு தடித்த போல்ட்டைப் பொருத்தி, மரக்கால்களின் துளைகளில் மாட்டி, விங் நட் கொண்டு முடுக்குங்கள். இடையே தோல் வாஷர் போடுங்கள். எங்கள் பக்கத்தில் தோல் துண்டுக்கா பஞ்சம்? அதன் உராய்வு, கருவி தற்செயலாகச் சுழலாமல் பிடித்துக்கொள்ளும். மரக்கால்களின் அடிக்கட்டை அகலமாக இருக்கட்டும்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஏலகிரி. அதற்கும் அப்பால் ஜவ்வாது மலையில் காவலூர். அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. அதுவும் ஒரு சுழலும் தாங்கிதான். அதன் ஓர் அச்சு பூமியின் அச்சுக்கு இணையானது. காவலூரின் அட்சரேகை ஏறத்தாழ 12½ பாகை ஆதலால், தரைக்கு அதே அளவு சாய்ந்திருக்கிறது. விண்மீனைத் தொடர, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் அந்தப் பளுவெல்லாம் நடுங்காமல் நகர வேண்டும். இத்தகைய தொலைநோக்கிகளில் ஒரு கருவியைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் புவியீர்ப்பு மையம் இடம் மாறிவிடும். அதை அச்சுக்குத் திரும்பக் கொண்டுவர எதிரெடைகளைச் சரிசெய்கிறார்கள்.

உங்கள் தாங்கியிலும் இது நடக்கும். மின்மாற்றியைக் கழற்றியதும் தகட்டின் பக்கம் கனத்துவிடும். கழற்றுவதற்கு முன் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்; கழற்றிய இடத்தில் அதே எடையுள்ள இரும்புத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டு வேலையைத் தொடருங்கள்.