உலகக் கிண்ணத்தின் வாயிற்படி

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூர் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், வாவியின் அயலில் அமைந்த ஊர் தன்னாமுனை. அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த கரையூர்களிலும் மாலை வேளைகளில் பந்துதைத்து விளையாடும் சிறுவர் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பே. "நமது நாடு உலகக் கிண்ணத்தில் ஏன் ஆடுவதில்லை?" என்பதே அவ்வினா. நேயர்களே, இலங்கை அப்போட்டியில் ஆடாமல் இல்லை. அதன் வாயிற்படியில் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வாயிற்படிக்குத் தகுதிகாண் போட்டி என்று பெயர். அது எவ்வாறு நடைபெறுகிறது, அதில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதை இன்று சிறிது நோக்குவோம்.

1930ஆம் ஆண்டு உருகுவே நாட்டில் முதலாவது உலகக் கிண்ணப் போட்டி நடந்தபோது தகுதிகாண் ஆட்டங்கள் எவையும் இருக்கவில்லை. அழைப்பை ஏற்று வந்த 13 நாடுகள் ஆடின, அவ்வளவே. 1934ஆம் ஆண்டில் 16 இடங்களுக்கு 32 நாடுகள் விண்ணப்பித்தமையால், முதன்முறையாகத் தெரிவு ஆட்டங்கள் தேவைப்பட்டன. போட்டியை நடத்திய இத்தாலி கூட ஆடி வென்றே தனது இடத்தைப் பெறவேண்டியதாயிற்று. இன்று இருநூறுக்கு மேற்பட்ட நாடுகள் போட்டியிடுகின்றன. 1998 முதல் 2022 வரை 32 ஆக இருந்த இடங்கள், 2026ஆம் ஆண்டுப் போட்டிக்கு 48 ஆக உயர்த்தப்பட்டன.

இவ்விடங்கள் கண்டங்களுக்குப் பங்கிடப்படுகின்றன. முன்னர் ஆசியாவுக்கு நான்கரை இடங்கள் என்று சொல்வது வழக்கம். அரை இடம் என்பது, வேறொரு கண்டத்து அணியுடன் மோதி ஓர் இடத்தை வென்றெடுக்கும் உரிமையாகும். 2026ஆம் ஆண்டுக்கு ஆசியாவின் பங்கு எட்டு நேரடி இடங்களாகப் பெருகியது. ஆயினும் அவற்றை அடையும் வழி நெடியது. ஆசியத் தரவரிசையில் பின்னிற்கும் 20 நாடுகள் முதலாம் சுற்றில் இரண்டிரண்டாக மோதின. அவற்றுள் வென்ற பத்து அணிகள், முன்னணியில் நின்ற 26 நாடுகளுடன் இரண்டாம் சுற்றிற் சேர்ந்தன. அதன் பின்னரும் மேலும் இரு சுற்றுகள் இருந்தன. ஜோர்தானும் உஸ்பெகிஸ்தானும் இவ்வழியே நடந்து, 2025ஆம் ஆண்டு யூன் மாதம் முதன்முறையாகத் தகுதி பெற்றன.

இலங்கையின் பயணம் அந்த முதலாம் சுற்றிலேயே தொடங்குகிறது. இச்சுற்றில் இரு அணிகளும் தத்தம் நாட்டில் ஒவ்வோர் ஆட்டம் ஆடும்; இரண்டிலும் அடித்த கோல்களின் கூட்டுத்தொகையே வெற்றியை நிர்ணயிக்கும். சொந்த மண்ணின் காற்று, வெயில், மக்கள் ஆரவாரம் ஆகியவை தரும் அனுகூலம் இரு சாராருக்கும் ஒப்பக் கிடைக்கவேண்டும் என்பதே இதன் நோக்கம்.

2019ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலங்கைக்கு எதிராக நின்றது மக்காவோ. சீனாவின் சுகாய் நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் இலங்கை 1-0 எனத் தோற்றது. இரண்டாம் ஆட்டம் கொழும்பில் நடைபெறவேண்டும். ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், ஏப்பிரில் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று நாட்டின் பல இடங்களிற் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் சிறுவர் பலரும் உயிரிழந்தனர். பாதுகாப்பைக் காரணங்காட்டி, மக்காவோச் சங்கம் தனது அணியை அனுப்ப மறுத்தது. அகில உலகச் சம்மேளனம் அவ்வாட்டத்தை 3-0 என இலங்கைக்கு வழங்கிற்று. 3-1 என்ற கூட்டுக்கணக்கில் நாம் அடுத்த சுற்றுக்குச் சென்றோம். விதிப்படி அது வெற்றியே. ஆயினும் துயரத்தில் ஆழ்ந்திருந்த நாட்டு மக்களுக்குத் தம் வீரர் ஆடிப் பெறும் வெற்றியைக் காணும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று.

அடுத்த சுற்றில் தென் கொரியா, லெபனான், துருக்மெனிஸ்தான் ஆகிய அணிகளிடம் இலங்கை எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. தென் கொரியா ஓர் ஆட்டத்தில் எட்டுக் கோல்களை அடித்தது. ஆனால் 2021ஆம் ஆண்டு யூன் மாதம் லெபனானை எதிர்த்து, யேர்மனியிற் பிறந்த வசீம் ராசிக் இரு கோல்களை அடிக்க, ஆட்டம் 3-2 என்ற அளவில் முடிந்தது. வலிமையான அணிகளுடன் மீண்டும் மீண்டும் மோதுவதால் விளையும் பயனுக்கு இது சான்று.

அப்பயன் தொடர்ந்து கிடைக்கவில்லை. நிருவாகத்தில் வெளியார் தலையீடு உண்டென்று கூறி, 2023ஆம் ஆண்டு சனவரி 21ஆந் திகதி அகில உலகச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. ஏழு மாதங்கள் நமது அணி சர்வதேச ஆட்டம் எதிலும் இறங்க இயலவில்லை. ஆகத்து மாத இறுதியிற் தடை நீங்கிற்று; ஒக்தோபர் 12ஆந் திகதி யேமன் நாட்டுடன் தகுதிகாண் ஆட்டம்! ஆறு வார ஆயத்தத்துடன் சென்ற அணி 3-0 எனத் தோற்றது. கொழும்பில் 1-1 என்று சமநிலை கண்டும், 4-1 என்ற கூட்டுக்கணக்கில் வெளியேறியது. உலகக் கிண்ண வாயில் இரண்டே ஆட்டங்களில் மூடிக்கொண்டது. நிருவாகிகளின் பூசலுக்கு வீரர்களே விலை கொடுத்தார்கள்.

இங்கே எஞ்சியிருந்தது ஆசியக் கிண்ணத்துக்கான வழி. 2024ஆம் ஆண்டு செப்தெம்பரில் கம்போடியாவுடன் கொழும்பில் 0-0, பினோம்பென் நகரில் 2-2 என ஆடி, தண்ட உதைகளில் இலங்கை வென்றது. அந்த வெற்றியின் பெறுபேறு, தாய்லாந்து, துருக்மெனிஸ்தான், சீன தாய்ப்பே ஆகிய அணிகளுடன் மேலும் ஆறு ஆட்டங்கள். 2025ஆம் ஆண்டு யூன் மாதம் சீன தாய்ப்பேயைக் கொழும்பில் 3-1 என வென்றோம். தோற்ற அணிக்கு வீடு. வென்ற அணிக்கு மேலும் ஆட்டங்கள், அவற்றால் மேலும் பயிற்சி. ஏழை மேலும் ஏழையாவதும் செல்வன் மேலும் செல்வனாவதும் போன்ற நியதி இது. அதனாலேதான் முதலாம் சுற்றின் இரு ஆட்டங்கள் அவ்வளவு பெறுமதி வாய்ந்தவை.

"சிறிய நாடு என்ன செய்யும்?" என்று சிலர் கேட்கலாம். 2026ஆம் ஆண்டுப் போட்டிக்குத் தகுதி பெற்ற கேப் வேர்டே தீவுகளின் சனத்தொகை ஏறத்தாழ மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகையே. அதே போட்டிக்குத் தகுதி பெற்ற குராசாவோத் தீவில் இரண்டு இலட்சம் மக்கள் கூட இல்லை. இவ்விரு நாடுகளும் புலம்பெயர்ந்த தம் குடும்பங்களின் பிள்ளைகளைத் தேடிச் சேர்த்தன. இலங்கையும் அவுஸ்திரேலியா, யேர்மனி முதலிய நாடுகளில் வளர்ந்த வீரர்களை அண்மைக் காலத்தில் அழைத்து வருகின்றது. அது நன்று, ஆனால் அது மட்டும் போதாது.

யப்பானின் கதையை நோக்குக. 1993ஆம் ஆண்டுத் தகுதிகாண் போட்டியில் யப்பானும் இலங்கையும் ஒரே பிரிவில் ஆடின. அதுவரை யப்பான் ஒருமுறையேனும் உலகக் கிண்ணத்துக்குச் சென்றதில்லை. அவ்வாண்டும் டோகா நகரில், இறுதி ஆட்டத்தின் கடைசிக் கணங்களில் ஈராக் அடித்த கோலால் அதன் கனவு கலைந்தது. ஆனால் அதே ஆண்டில் அந்நாடு தொழில்முறைக் கழகப் போட்டியைத் தொடக்கி, ஊர்கள் தோறும் இளைஞரைப் பயிற்றியது. 1998 முதல் 2026 வரை ஒரு போட்டிக்கேனும் அது தகுதி பெறத் தவறவில்லை.

மட்டக்களப்புக்கு விளையாட்டு புதியதன்று. அமெரிக்காவிலிருந்து வந்து இம்மண்ணின் இளைஞரைப் பயிற்றிய இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரை நகரின் மைதானம் இன்றும் தாங்கி நிற்கிறது. தகுதி என்பது கொழும்பில் ஒருநாள் மாலையில் உண்டாவதன்று. தன்னாமுனை போன்ற ஊர்களில் ஒரு நல்ல மைதானம், பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், ஆண்டு முழுவதும் நடக்கும் கழகப் போட்டி, பூசலற்ற நிருவாகம் என்னும் நான்கும் சேருமிடத்திலேயே அது வளர்கிறது. இவற்றுள் முதன் மூன்றையும் ஊரார் முயன்றால் பெறலாம். நான்காவதை நாடு முழுவதும் கேட்டுப் பெறவேண்டும்.