பப் தோட்டத்தில் ஒரு பார்: அண்டை வீட்டார் தடுக்க முடியுமா?

இங்கிலாந்தில் ஒரு பப்பின் ஜன்னலில் வெளிர் நீல நிறத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தால், அந்தத் தெருக்காரர்கள் நின்று படித்துவிட்டுத்தான் நகர்வார்கள். தாளின் நிறம்கூட விதிப்படிதான். ஏ4 அளவுக்குக் குறையக் கூடாது, வெளிர் நீலமாக இருக்க வேண்டும், கறுப்பு எழுத்து 16 புள்ளிக்குச் சிறியதாக இருக்கக் கூடாது. பப்பின் பின்பக்கத் தோட்டத்தில் புதிதாக ஒரு பார் அமைத்து மது விற்க உரிமையாளர் அனுமதி கேட்கிறார், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் 28 நாட்களுக்குள் கவுன்சிலுக்கு எழுதலாம் என்பதுதான் பெரும்பாலும் அதன் சாரம்.

அன்று மாலையே தெரு இரண்டாகப் பிரிந்துவிடும். கோடைகால வருமானம் இல்லாவிட்டால் பப்பை மூட வேண்டியதுதான் என்பார் உரிமையாளர். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கிய காலம் போய்விடும் என்பார் வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சட்டம் இதை எப்படித் தீர்க்கிறது என்று பார்த்தால், ‘கொடுக்கலாமா, கூடாதா’ என்ற கேள்வியைவிட ‘எந்த நிபந்தனையோடு’ என்ற கேள்விதான் பல நேரங்களில் கடைசியில் முடிவை எழுதுகிறது.

விற்பதற்குத்தான் உரிமம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது விற்பனை 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கு முன்பு மாஜிஸ்திரேட்டுகள் கையில் இருந்த இந்த அதிகாரம், 2005 நவம்பர் 24 முதல் உள்ளூர் கவுன்சில்களுக்கு வந்தது. லண்டனில் தமிழர்கள் நடத்தும் மூலைக் கடைகள் மது விற்பதும் இதே சட்டத்தின்படிதான்.

இந்தச் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. மது விற்பதற்கு உரிமம் வேண்டும், குடிப்பதற்கு வேண்டாம். உரிமத்தோடு ஒரு வரைபடம் இணைந்திருக்கும். அதில் சிவப்புக் கோட்டுக்குள் இருக்கும் இடமே உரிமம் பெற்ற இடம். தோட்டம் அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தாலும், வெளியே எடுத்துச் செல்லும் விற்பனைக்கு அனுமதி இருந்தால், உள்ளே வாங்கிய பியரை வாடிக்கையாளர் தோட்டத்தில் உட்கார்ந்து குடிக்கலாம். தோட்டத்திலேயே பார் வைத்து ஊற்றிக் கொடுப்பதென்றால் கோட்டை நகர்த்த வேண்டும். அதற்குத்தான் உரிமத் திருத்த விண்ணப்பம். சொத்தின் வரி மதிப்பைப் பொறுத்து இதற்குக் கட்டணம் வழக்கமாக 100 பவுண்டிலிருந்து 635 பவுண்டு வரை.

உரிமையாளரின் வலுவான வாதமும் இங்கிருந்துதான் பிறக்கிறது. “ஆட்கள் ஏற்கெனவே தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். பார் வந்தால் கதவு திறந்து மூடுவது குறையும், உள்ளே ஓடும் பாட்டு வெளியே கசியாது, ஊழியர் ஒருவர் எப்போதும் கண் வைத்திருப்பார்” என்பார். பக்கத்து வீட்டாரிடமும் பதில் இருக்கிறது. பார் இருக்கும் இடத்தில் வரிசை நிற்கும், நிற்கிறவர்கள் உட்கார்ந்திருப்பவர்களைவிட உரக்கப் பேசுவார்கள், காலப்போக்கில் தோட்டமே பப்பின் பிரதான அறையாகிவிடும் என்பது அவர்கள் கவலை.

கூட்டம் வெளியே வந்த கதை

ஜார்ஜ் ஆர்வெல் 1946 பிப்ரவரியில் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் தன் கனவு பப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் மரங்களோடு பெரிய தோட்டம் இருந்தது. வானொலியும் பியானோவும் இல்லை. தோட்டமும் வேண்டும், அமைதியும் வேண்டும் என்ற அந்த ஆசைக்கு அடுத்தடுத்து இரண்டு சோதனைகள் வந்தன.

முதலாவது, 2007 ஜூலை 1 அன்று இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த புகைத்தடை. கட்டடத்துக்குள் புகைத்தவர்கள் எல்லோரும் வாசலுக்கும் தோட்டத்துக்கும் வந்தார்கள். இரண்டாவது கொரோனா. 2021 ஏப்ரல் 12 முதல் மே 17 வரை இங்கிலாந்தின் பப்கள் திறந்தவெளியில் மட்டுமே பரிமாற முடிந்தது. கூடாரமும் ஹீட்டரும் தற்காலிக பாரும் போட்டுச் செலவழித்தவர்கள் பிறகு அதை நிரந்தரமாக்க விரும்பியதில் வியப்பில்லை. அரசின் போக்கும் அவர்களுக்குச் சாதகமாகவே இருந்தது. நடைபாதையில் மேசை போடுவதற்கு 2020இல் கொண்டுவந்த எளிய அனுமதி முறையை 2023ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தரமாக்கியது. ஆனால் குடியிருப்புகள் நெருக்கமாக இருக்கும் லண்டன் சோஹோவில், தெருக்களை அடைத்து மேசை போட வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் தந்த தற்காலிக ஏற்பாடு 2021 செப்டம்பரோடு முடிவுக்கு வந்தது. அங்கே குடியிருப்போரின் எதிர்ப்பு பலமாக இருந்தது.

சத்தத்தின் கணக்கு

சாதாரணமாகப் பேசும் ஒருவரின் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். தோட்டத்தில் 40 பேர், அவர்களில் ஒரே நேரத்தில் 20 பேர் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒலியின் கணக்குப்படி இருபது குரல்கள் சேர்ந்தால் 13 டெசிபல் கூடும். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்பதால், 20 மீட்டர் தள்ளியுள்ள ஜன்னலுக்கு அது வந்து சேரும்போது ஏறக்குறைய 47 டெசிபல். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க வேண்டுமானால், இரவில் படுக்கையறைக்கு வெளியே 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல். யாரும் கத்தாமலே வரம்பு தாண்டிவிட்டது.

நடைமுறையில் இது இன்னும் மோசமாகும். கல்யாண மண்டபத்தில் மேளம் உச்சத்துக்குப் போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம் நாம் கத்திப் பேசுவதைப் போல, சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். பிரெஞ்சு மருத்துவர் லோம்பார் 1911இல் விவரித்த இந்த இயல்பு இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. ஒரு மேசை குரலை உயர்த்தினால் அடுத்த மேசையும் உயர்த்தும்.

வேலி போட்டால் சரியாகுமா? இடைவெளி இல்லாத கனமான வேலி, சத்தம் வரும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் நேர்கோட்டில் மறைத்தால் பலன் தரும். ஆனால் இங்கிலாந்தின் வீடுகளில் படுக்கையறை பெரும்பாலும் மாடியில் இருக்கும். ஆறடி வேலிக்கு மேலாக மாடி ஜன்னல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாட்டின் கனத்த தாளச் சத்தமோ வேலியைச் சுற்றி வளைந்து வந்துவிடும்.

எந்த ஆட்சேபம் எடுபடும்?

கவுன்சில் நான்கு நோக்கங்களை மட்டுமே பார்க்க முடியும்: குற்றத்தையும் ஒழுங்கீனத்தையும் தடுப்பது, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுப்பது, குழந்தைகளைத் தீங்கிலிருந்து காப்பது. சத்தம் மூன்றாவதில் வருகிறது. வீட்டு விலை குறையும், இந்தத் தெருவுக்கு இன்னொரு பார் தேவையில்லை என்ற வாதங்களுக்கு இங்கே இடமில்லை. பப்பின் அருகில் வசிப்பவர் மட்டுமே எழுதலாம் என்ற பழைய விதி இப்போது இல்லை, யாரும் எழுதலாம். காவல் துறை, கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு போன்ற அமைப்புகளும் கருத்துச் சொல்லலாம். சத்த விஷயத்தில் அந்தச் சுகாதாரப் பிரிவு அதிகாரியின் சொல்லுக்குக் கனம் அதிகம்.

ஏற்கத்தக்க ஓர் ஆட்சேபம்கூட வராவிட்டால், கேட்டதைக் கேட்டபடியே கவுன்சில் கொடுத்தாக வேண்டும். ஆட்சேபம் வந்து, இரு தரப்பும் சமரசத்துக்கு வராவிட்டால், விஷயம் மூன்று கவுன்சிலர்கள் கொண்ட துணைக்குழுவின் விசாரணைக்குப் போகும். அங்கே எடுபடுவது ஆதாரம். “சத்தம் தாங்க முடியவில்லை” என்று நூறு பேர் கையெழுத்திட்ட மனுவைவிட, “வெள்ளிக்கிழமை இரவு 11.20, படுக்கையறை ஜன்னல் மூடியிருந்தும் பாட்டின் வரிகள் புரிந்தன, 40 நிமிடம் நீடித்தது” என்று ஒருவர் வாராவாரம் எழுதிவைத்த குறிப்பேடு அதிகம் பேசும்.

எதிரெதிர் திசையில் இரண்டு தீர்ப்புகள்

இத்தகைய வழக்குகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகள் இரண்டு. விர்ரல் பகுதியில் உள்ள சாஹல் ஹோட்டல் என்ற பப்புக்குக் கூடுதல் நேரம் தர கவுன்சில் சம்மதித்தது. குடியிருப்போர் மேல்முறையீடு செய்ய, மாஜிஸ்திரேட்டுகள் நேரத்தைக் குறைத்தார்கள். 2008இல் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தொல்லை வரும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் போதவில்லை, மாஜிஸ்திரேட்டுகள் தங்கள் சொந்த ஊகத்துக்கு அதிக இடம் கொடுத்துவிட்டார்கள் என்றது.

மற்றொன்று சோஹோவின் பெர்விக் தெருவில் இருந்த ‘தி எண்ட்யூரன்ஸ்’ பப். வாடிக்கையாளர்கள் கிளாஸோடு பக்கத்து முற்றத்தில் கூடிப் பேசும் சத்தம் குடியிருப்போரை வாட்டியது. மாலை 6 மணிக்கு மேல் திறந்த கிளாஸில் மதுவை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் நிபந்தனை விதித்தது. பப் நிறுவனம் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, 2011 ஜனவரியில் தோற்றது. வியாபாரத்தின் பயன், அங்கே வாழ்கிறவர்கள் மீதான பாதிப்பு எனப் பலவற்றையும் எடைபோட்டு உள்ளூர் கவுன்சில் எடுத்த முடிவுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். அது தவறு என்று காட்டும் பொறுப்பு மேல்முறையீடு செய்பவருடையது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் நடைமுறைப் பாடம் தெளிவு. வெறும் பயம் போதாது. ஆனால் ஆதாரத்தோடு முதல் கட்டத்திலேயே கவுன்சிலை நம்பவைத்துவிட்டால், அந்த முடிவை அசைப்பது எதிர்த்தரப்புக்கு எளிதல்ல.

இசையில் ஒரு பொறி

குடியிருப்போர் வழக்கமாக முதலில் கேட்பது “தோட்டத்தில் பாட்டு கூடாது” என்ற நிபந்தனை. அதை வாங்கிவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறவர்கள் பிறகு ஏமாறலாம். 2012ஆம் ஆண்டின் நேரடி இசைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தளர்வுகளும் காரணம். மது விற்பனை நடக்கும் உரிமம் பெற்ற இடத்தில், காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை, 500 பேருக்கு மேற்படாத கூட்டத்துக்கு இசை வழங்க உரிமம் தேவையில்லை. அந்த நேரத்தில் உரிமத்தில் உள்ள இசை நிபந்தனைகளும் செயல்படாது. பாருக்காகத் தோட்டம் சிவப்புக் கோட்டுக்குள் வந்தால், பதிவு செய்த பாட்டுக்கும் இந்தச் சலுகை தோட்டத்தில் கிடைத்துவிடும். பிற்பாடு உரிம மறுஆய்வு நடந்தால்தான் கவுன்சில் அந்த நிபந்தனைகளுக்கு உயிர் கொடுக்க முடியும்.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் வேறு இடத்தில் பிடிக்கிறார்கள். தோட்டத்து பார் இரவு 9 மணிக்கு மூட வேண்டும், 10 மணிக்குத் தோட்டம் காலியாக வேண்டும், ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு மேல் கூடாது, காலிப் பாட்டில்களை இரவில் தொட்டியில் கொட்டக் கூடாது, பொறுப்பாளரின் தொலைபேசி எண் அண்டை வீட்டாரிடம் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். இவை மீறப்படுகின்றனவா என்று யாரும் சரிபார்க்கலாம். “தயவுசெய்து அமைதியாகக் கலைந்து செல்லுங்கள்” என்ற பலகையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

உரிமத்தோடு கதை முடிவதில்லை. நிரந்தரக் கட்டுமானமாக பார் எழுப்ப தனியாகத் திட்ட அனுமதி தேவைப்படலாம். அதில் விதிக்கும் நேரமும் உரிமத்தில் உள்ள நேரமும் வேறுபட்டால், எது முந்தியதோ அதைத்தான் கடைப்பிடிக்க வேண்டும். இன்னொரு பக்கம், உரிமம் மறுக்கப்பட்டாலும் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு என்ற வழி பப்புக்கு உண்டு. 21 பவுண்டு கட்டினால் 499 பேர் வரை, ஒரு நிகழ்ச்சிக்கு 168 மணி நேரம் வரை தோட்டத்தில் விற்கலாம். ஓர் இடத்துக்கு ஆண்டில் மொத்தம் 21 நாள்தான் உச்சவரம்பு. இதை எதிர்க்கும் உரிமை காவல் துறைக்கும் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கும் மட்டுமே. பக்கத்து வீட்டாருக்கு இல்லை.

உரிமம் வந்த பிறகு

முடிவு பிடிக்காத தரப்பு 21 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம். பார் திறந்த பிறகு தொல்லை உண்மையாகவே வந்தால், யாரும் எப்போது வேண்டுமானாலும் கட்டணமின்றி உரிம மறுஆய்வு கேட்கலாம். நிபந்தனையைக் கடுமையாக்குவது, மூன்று மாதம் வரை நிறுத்திவைப்பது, உரிமத்தையே ரத்து செய்வது என எல்லா அதிகாரமும் கவுன்சிலுக்கு அப்போது உண்டு. நிபந்தனையை மீறி விற்பது குற்றம். வரம்பில்லாத அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். இதைத் தவிர, 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி சத்தத்தை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பவும் கவுன்சிலால் முடியும்.

இருந்தாலும் மறுஆய்வுக்கு மாதக்கணக்கில் குறிப்பெழுதி, பக்கத்து பப்போடு பகைத்து, மறுபடியும் விசாரணைக்கு நடக்க வேண்டும். பப் தானாக வந்து அனுமதி கேட்டு நிற்கும் அந்த 28 நாட்களில்தான் பேரம் பேசும் பலம் குடியிருப்போரிடம் இருக்கிறது. அதை “வேண்டவே வேண்டாம்” என்ற ஒரே வரியில் செலவழிப்பவர்களைவிட, மணி எத்தனை, ஆள் எத்தனை, பொறுப்பு யாருடையது என்று எழுதிக் கேட்பவர்களுக்கே அந்தத் துணைக்குழுவிடமிருந்து ஏதாவது கிடைக்க வாய்ப்பு அதிகம்.