நன்னிலமும் நல்லுணவும்

நோய் வந்தபின் மருந்து தேடுவதில் காட்டும் அக்கறையில் நாலில் ஒரு பங்கேனும் உண்ணும் உணவின் தூய்மையில் நம்மவர் காட்டுவதில்லை. அந்நிய ஆட்சி நிலவிய நாளில் இத்தகைய குறைகளுக்கெல்லாம் அவ்வாட்சியையே பழித்து வந்தோம். அன்று அதற்கு நியாயமும் இருந்தது. இன்று சட்டமும் நமது, சர்க்காரும் நமது. ஆகவே, பழியும் நம்மையே சாரும்.

சட்டத்துக்குக் குறைவில்லை. சென்னை மாகாணத்தில் 1918-ல் கலப்படத் தடைச் சட்டமும், 1939-ல் பொதுச் சுகாதாரச் சட்டமும் பிறந்தன. 1954-ல் தேசம் முழுமைக்குமான கலப்படத் தடைச் சட்டம் வந்தது. அதனிடத்தில், 2006-ல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டு முதல் அமலில் இருக்கிறது. குறை ஏட்டில் இல்லை, கடைத்தெருவில் இருக்கிறது.

மயிலாடுதுறை - திருவாரூர் ரயில் மார்க்கத்திலுள்ள நன்னிலம் ஒரு தாலுகாவின் தலைநகர். கச்சேரிக்கு வரும் குடியானவர்களும், பள்ளிப் பிள்ளைகளும், நடவுக்கும் அறுப்புக்கும் செல்லும் கூலியாட்களும் காப்பிக் கடைகளையும் சிற்றுண்டி விடுதிகளையும் நம்பியே பசியாறுகின்றனர். செல்வனுக்கு வயிற்றுக்கடுப்பு இரண்டு நாள் அசௌகரியம். கூலியாளுக்கோ அது ஒரு வாரக் கூலி.

அண்டையூர்களின் அனுபவம் நமக்குப் பாடமாக வேண்டாமா? 2022 ஜூலையில், நன்னிலத்துக்குக் கிழக்கேயுள்ள காரைக்காலில் குடிநீர் கெட்டுக் காலரா பரவியது. சுகாதார அவசரநிலை பிரகடனமாயிற்று. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி மாண்டாள். அதன் பின்னரே பல ஊர்களிலும் சோதனை மும்முரமாயிற்று. சோதனை என்பது சாவுக்குப் பின் வரும் சடங்காகவோ, தீபாவளிக்கு முன் வரும் திருவிழாவாகவோ ஆகிவிடலாகாது. முன்னறிவிப்பின்றி ஆண்டு முழுதும் நடைபெறுவதே சோதனை.

எடுத்த மாதிரியை 14 நாட்களுக்குள் பரிசோதித்து முடிவு கூறவேண்டுமென்பது சட்டம். பகுப்பாய்வுக் கூடமோ தஞ்சையிலேயே உள்ளது. அம்முடிவு அதிகாரிக்கும் கடைக்காரருக்கும் மட்டும் தெரிந்தால் போதாது. பேரூராட்சி அலுவலக வாயிலில் அதை ஒட்டவேண்டுமென்று கோருகிறோம். பத்து அபராதம் செய்யாததை ஒரு பகிரங்க அறிவிப்பு செய்யும்.

சிறு வியாபாரிகளை வதைப்பது நமது நோக்கமன்று. கலப்பட எண்ணெயை மொத்தமாய் விற்றவன் மாளிகையிலிருக்க, அதில் வடை சுட்டவள் மட்டும் தண்டனை பெறுவது நீதியாகாது. குழாய் நீர் அசுத்தமானால் முதற் குற்றவாளி ஸ்தல ஸ்தாபனமே. காரணமின்றித் தொல்லை தரும் அதிகாரிக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இச்சட்டம் இடமளிக்கிறது என்பதை வியாபாரிகள் அறியவேண்டும்.

ஜனங்களுக்கும் ஆயுதம் உண்டு. சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, பொருளை வாங்கும் எவரும், தமது எண்ணத்தை விற்பவரிடம் அப்போதே கூறி, கட்டணம் செலுத்தி அதைப் பரிசோதிக்கலாம். குற்றம் நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்?

பத்திரிகைக்காரராகிய நாமே ஒன்று சொல்லுகிறோம்: அச்சிட்ட தாளில் பலகாரம் மடிப்பதை 2018-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. மையில் நஞ்சுண்டு. பத்திரிகை படிப்பதற்கே, பஜ்ஜி மடிப்பதற்கன்று.

ஊர்த் தொண்டர்களே! கூட்டம் கூட்டித் தீர்மானம் போடுவதோடு நில்லாதீர். அடுத்த முறை கடையில் கை நனைக்குமுன், அடுப்படியையும் தண்ணீர்க் குடத்தையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். சுயராஜ்யம் அங்கேயும் காக்கப்படவேண்டும்.