பென்சில் கையெழுத்துக்கு மவுசு!

சுவரில் ஒரு போர் விமானப் படம். ஓவியர் வரைந்ததைப் பார்த்து அச்சடித்தது. அடியில் பென்சிலால் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்குத்தான் பணம்!

இரண்டாவது உலகப் போர் விமானங்களின் படங்களை இப்படிச் சேர்ப்பவர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உண்டு. இத்தனை படம்தான் என்று முதலிலேயே கணக்கு வைத்து அச்சடிப்பார்கள். "25/500" என்று இருந்தால், 500 படங்களில் அது 25-வது படம்.

ஓவியர் கையெழுத்துப் போடுவார். விமானத்தை ஓட்டிய வீரரும் போடுவார். பேனா மை வெளிச்சத்தில் வெளுத்துவிடும், பென்சில் வெளுக்காது. அழித்துவிடலாமே என்கிறீர்களா? காசு கொடுத்து வாங்கியவர் அழிப்பாரா?

பொய்க்கால் வீரர்

ராபர்ட் டெய்லர் வரைந்த "ஸ்பிட்பயர்" விமானப் படத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் டக்ளஸ் பேடர். 1931-ல் விமான விபத்தில் இரு கால்களையும் இழந்தவர். பொய்க்கால்களோடு 1940-ல் வானத்தில் சண்டை போட்டார்!

1941-ல் பிரான்சின் மேலே பறந்தபோது விமானம் உடைந்தது. பாரசூட்டில் குதித்தார். ஒரு பொய்க்கால் விமானத்திலேயே மாட்டிக்கொண்டது. ஜெர்மானியர் கையில் சிக்கினார். அவர்கள் சம்மதத்தோடு, ஆங்கிலேயர்கள் வேறு காலைப் பாரசூட்டில் கட்டிப் போட்டார்கள்! அப்போது அவரை மரியாதையாக நடத்திய ஜெர்மன் விமானி அடால்ப் காலண்ட், போருக்குப் பிறகு நண்பரானார். காலண்டும் பல படங்களில் கையெழுத்திட்டிருக்கிறார்.

பேடர் 1982-ல் காலமானார். காலண்ட் 1996-ல். பிரிட்டனைக் காத்த 1940 வான் போரின் விமானிகளில் கடைசியாக இருந்தவர் ஜான் ஹெமிங்வே. அவரும் 2025 மார்ச்சில், 105 வயதில் மறைந்தார்.

இனி அவர்களிடம் படத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்க முடியாது. போலிக் கையெழுத்துக்காரர்களுக்கு இதுதான் சமயம். அதனால் விவரம் தெரிந்தவர்கள், படத்தோடு கொடுத்த சான்றுச் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.