மலிவு விலை வணிக உத்தியா, போட்டியை ஒழிக்கும் வழியா? சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது

புதுடெல்லி: கடையிலோ கைபேசிச் செயலியிலோ ஒரு பொருள் வழக்கத்தைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் வாங்குவோர் மகிழ்கின்றனர். அதே பொருளை விற்கும் தெருமுனை மளிகைக் கடைக்காரர் கவலைப்படுகிறார். அந்த விலை திறமையான வணிக உத்தியின் பலனா, அல்லது போட்டியாளர்களைச் சந்தையிலிருந்து வெளியேற்றும் நோக்கில் நஷ்டத்துக்கு விற்கப்படுவதா என்பதைப் பொறுத்தே அது சட்டப்படி ஏற்கத்தக்கதா என்பது முடிவாகிறது.

சில நிமிடங்களில் வீட்டு வாசலுக்குப் பொருள்களைக் கொண்டுவரும் விரைவு வணிகச் செயலிகள் அளவுக்கு மீறிய தள்ளுபடியில் விற்பதாக அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு 2024 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. உற்பத்திச் செலவைக் கணக்கிடுவதற்கான புதிய விதிமுறைகளை ஆணையம் 2025 மே மாதம் அறிவிக்கையாக வெளியிட்டது. இந்தப் பின்னணியில், குறைந்த விலை என்னும் உத்தி எவ்வாறு செயல்படுகிறது, சட்டம் அதை எப்போது தடுக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விலையிலிருந்து தொடங்கும் கணக்கு

வழக்கமான வணிகக் கணக்கு செலவிலிருந்து தொடங்குகிறது. உற்பத்திச் செலவுடன் லாபத்தைக் கூட்டினால் விற்பனை விலை கிடைக்கும். கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத், ஏழை நுகர்வோருக்கான சந்தையில் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும் என்று வாதிட்டார். வாங்குவோரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து லாபத்தைக் கழித்து, எஞ்சிய தொகைக்குள் பொருளை உருவாக்குவதே அவர் முன்வைத்த வழி. அவரது ‘தி ஃபார்ச்சூன் அட் தி பாட்டம் ஆஃப் தி பிரமிட்’ நூல் 2004-ஆம் ஆண்டு வெளியானது.

இந்தக் கருத்து ஏட்டில் ஏறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே குஜராத்தில் ஒருவர் அதைச் செயல்படுத்தியிருந்தார்.

அகமதாபாத்தில் தொடங்கிய சவால்

குஜராத் அரசுப் பணியில் வேதியியலாளராக இருந்த கர்சன்பாய் படேல், 1969-ஆம் ஆண்டு தமது வீட்டின் பின்புறத்தில் சலவைத் தூள் தயாரிக்கத் தொடங்கினார். அதற்கு மகள் நிருபமாவின் பெயரை ஒட்டி நிர்மா எனப் பெயரிட்டார். அலுவலகம் செல்லும் வழியில் மிதிவண்டியில் எடுத்துச் சென்று வீடு வீடாக விற்றார். அப்போது சந்தையின் முன்னணியில் இருந்தது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் சர்ஃப். தொடக்க காலத்தில் நிர்மா கிலோ மூன்று ரூபாய் அளவில் விற்கப்பட்டது. சர்ஃபின் விலை ஏறத்தாழ அதன் நான்கு மடங்கு.

இவ்வளவு பெரிய இடைவெளிக்குப் பல காரணங்கள் இருந்தன. தூள் கையால் கலக்கப்பட்டது. எளிய பிளாஸ்டிக் பையில் அடைக்கப்பட்டது. நறுமணம், வெண்மையூட்டும் பொருள்கள் போன்ற விலை உயர்ந்த சேர்மானங்கள் தவிர்க்கப்பட்டன. விநியோகச் செலவு மிகக் குறைவாக இருந்தது. சிறு உற்பத்தியாளர்களுக்குக் கிடைத்த கலால் வரிச் சலுகையும் உதவியது.

அதுவரை சலவைத் தூள் வாங்காமல் சலவைச் சோப்புக் கட்டிகளையே பயன்படுத்தி வந்த குடும்பங்கள் நிர்மாவின் வாடிக்கையாளர்களாயின. போட்டியாளரின் வாடிக்கையாளர்களைப் பறிப்பதைவிட, பெரிய நிறுவனம் கண்டுகொள்ளாத மக்களைச் சந்தைக்குள் கொண்டுவந்ததே இந்த உத்தியின் மையம். வாடிக்கையாளர் வட்டம் விரிந்தபின், நிர்மா சர்ஃபின் சந்தையையும் எட்டிப் பிடித்தது.

பெரிய நிறுவனம் கற்ற பாடம்

இந்துஸ்தான் லீவர் முதலில் விளம்பரத்தின் மூலம் பதிலளித்தது. விளம்பரத் துறையைச் சேர்ந்த அலிக் பதம்சியின் குழு உருவாக்கிய ‘லலிதாஜி’ என்னும் குடும்பத் தலைவி 1980-களில் தொலைக்காட்சியில் தோன்றி, மலிவாக வாங்குவது வேறு, நல்ல பொருளை வாங்குவது வேறு என்று எடுத்துரைத்தார். நடிகை கவிதா சவுத்ரி அந்தப் பாத்திரத்தில் நடித்தார். அந்த விளம்பரம் சர்ஃபின் மதிப்பைக் காத்தது. நிர்மாவின் வளர்ச்சியை நிறுத்தவில்லை.

அடுத்த பதில் பொருளிலேயே அமைந்தது. நிர்மாவின் வளர்ச்சியைத் தடுக்க ‘ஸ்டிங்’ என்ற பெயரில் தனித் திட்டம் வகுத்த அந்நிறுவனம், 1980-களின் பிற்பகுதியில் வீல் என்னும் குறைந்த விலைச் சலவைத் தூளை அறிமுகப்படுத்தியது. அதற்காகச் சேர்மானங்கள், உற்பத்தி முறை, விநியோகம் ஆகியவற்றை அடிமுதல் மாற்றியமைத்தது. சர்ஃப் உயர் விலையிலேயே தொடர்ந்தது. பின்னாளில் பிரகலாத் தமது வாதத்துக்குக் காட்டிய எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று.

பெரிய நிறுவனமும் அதே ஆயுதத்தை ஏந்தியபின், நிர்மா தன் செலவை மேலும் கட்டுக்குள் வைக்க வேண்டியிருந்தது. சலவைத் தூளின் மூலப்பொருளான சோடா சாம்பலை பாவ்நகர் மாவட்டத்தில் தானே உற்பத்தி செய்யத் தொடங்கியது. 2007-இல் அமெரிக்காவின் சியர்ல்ஸ் வேலி மினரல்ஸ் நிறுவனத்தையும், 2016-இல் லஃபார்ஜ் நிறுவனத்தின் இந்திய சிமெண்ட் வணிகத்தையும் வாங்கியது. கர்சன்பாய் படேலுக்கு 2010-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கடலூரின் சிறு பொட்டலம்

விலையைக் குறைப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பாட்டிலில் மட்டுமே விற்கப்பட்ட ஷாம்பூவை ஒருமுறை பயன்படுத்தும் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடியாக இருந்தார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15 ஆயிரம் ரூபாய் முதலீட்டில் தொடங்கிய நிறுவனமே பின்னர் கெவின்கேர் ஆனது. அதன் சிக் ஷாம்பூ கிராமப்புறக் கடைகள் வரை சென்றது.

இங்கே மாறியது வாங்கும் அளவு. தினக்கூலி பெறும் குடும்பத்துக்கு ஒரே நேரத்தில் பாட்டிலுக்குப் பணம் ஒதுக்குவது கடினம். சில்லறைக் காசுக்குப் பொட்டலம் வாங்குவது எளிது. பன்னாட்டு நிறுவனங்களும் பின்னர் இதே வழியைப் பின்பற்றின. மறுசுழற்சி செய்ய இயலாத பொட்டலக் குப்பை பெருகியது இந்த உத்தியின் மறுபக்கம்.

குறைந்த விலைக்கு யார் பணம் தருகிறார்கள்?

இந்த எடுத்துக்காட்டுகள் ஒரு பொது விதியைக் காட்டுகின்றன. குறைந்த விலை நீடிக்குமா என்பது, அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

முதலாவது வகையில், வாங்குவோருக்குத் தேவையற்ற அம்சங்களை நீக்கி, உற்பத்தி முறையை மாற்றிச் செலவு உண்மையாகவே குறைக்கப்படுகிறது. இத்தகைய விலை நீண்ட காலம் நிலைக்கும். இரண்டாவது வகையில், வரிச் சலுகை, குறைந்த கூலி, குப்பையை அகற்றும் பொறுப்பை ஊராட்சிகளிடம் விடுவது போன்றவற்றால் செலவு வேறொருவர் தலையில் விழுகிறது. சலுகை நின்றாலோ கூலி உயர்ந்தாலோ விலையும் உயரும். மூன்றாவது வகையில், முதலீட்டாளரின் பணம் தள்ளுபடியாக வழங்கப்படுகிறது. இதில் செலவு குறையவே இல்லை. என்றாவது ஒருநாள் அந்தப் பணம் விலை உயர்வாகத் திரும்ப எடுக்கப்பட வேண்டும், இல்லையெனில் நிறுவனம் மூடப்பட வேண்டும்.

ஒரே நிறுவனத்தில் இம்மூன்றும் கலந்திருப்பதுண்டு. நிர்மாவின் தொடக்க கால விலையில் முதலிரண்டும் இருந்தன. போட்டிச் சட்டத்தின் கேள்வி பெரும்பாலும் மூன்றாவது வகையைப் பற்றியது.

சட்டம் என்ன சொல்கிறது?

போட்டிச் சட்டம், 2002-இன் 4-ஆவது பிரிவு, சந்தையில் ஆதிக்க நிலையில் உள்ள நிறுவனம் அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. போட்டியைக் குறைக்கும் அல்லது போட்டியாளரை ஒழிக்கும் நோக்கில், செலவைவிடக் குறைவான விலைக்கு விற்பது அத்தகைய தவறுகளுள் ஒன்று.

எனவே மூன்று நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும். நிறுவனம் ஆதிக்க நிலையில் இருக்க வேண்டும். விலை செலவுக்குக் கீழே இருக்க வேண்டும். போட்டியை ஒழிக்கும் நோக்கம் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

செலவு என்பது பொதுவாகச் சராசரி மாறும் செலவைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு தேநீர்க் கடையில் ஒரு கோப்பைக்கான பால், தேயிலை, சர்க்கரை, எரிவாயு ஆகியவற்றுக்கு 8 ரூபாய் ஆவதாகக் கொள்வோம். இது மாறும் செலவு. வாடகையைக் கோப்பைக் கணக்கில் பிரித்தால் 3 ரூபாய். இது நிலையான செலவு. கடைக்காரர் 9 ரூபாய்க்கு விற்றால் அவருக்கு நஷ்டமே என்றாலும், விலை மாறும் செலவுக்கு மேல் உள்ளது. 6 ரூபாய்க்கு விற்றால் விலை மாறும் செலவுக்கும் கீழே செல்கிறது. பின்னதே ஐயத்துக்குரியது. அப்போதும், சிறு கடை ஆதிக்க நிலையில் இல்லாததால் சட்டம் குறுக்கிடாது.

ஆதிக்க நிலைக்கு இத்தனை சதவீதம் என்ற வரையறை சட்டத்தில் இல்லை. சந்தைப் பங்கு, நிறுவனத்தின் அளவு, நிதி வளம், நுகர்வோர் அதைச் சார்ந்திருக்கும் நிலை ஆகியவற்றை ஆணையம் ஆராய்கிறது.

ஜியோ, ஊபர் வழக்குகள்

ரிலையன்ஸ் ஜியோ 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி சேவையைத் தொடங்கி, 2017 மார்ச் இறுதி வரை அழைப்பையும் இணையத்தையும் இலவசமாக வழங்கியது. இதை எதிர்த்து பார்தி ஏர்டெல் அளித்த புகாரை ஆணையம் 2017 ஜூனில் முடித்து வைத்தது. பல நிறுவனங்கள் உள்ள சந்தையில் ஜியோவின் பங்கு 7 சதவீதத்துக்கும் குறைவு, எனவே அது ஆதிக்க நிலையில் இல்லை என்று ஆணையம் கூறியது. புதிதாக நுழையும் நிறுவனம் குறுகிய காலத்துக்கு வழங்கும் சலுகையைத் தவறெனக் கொள்ள முடியாது என்பதும் அதன் கருத்து.

அதன்பின் சந்தையின் தோற்றம் மாறியது. தமிழகத்தில் பெரும் வாடிக்கையாளர் தளம் கொண்டிருந்த ஏர்செல் 2018-இல் திவாலானது. அதே ஆண்டில் வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தன. இன்று தனியார் துறையில் மூன்று நிறுவனங்களே எஞ்சியுள்ளன. 2024 ஜூலையில் மூன்றும் சில நாள்களுக்குள் அடுத்தடுத்து கட்டணத்தை உயர்த்தின. மறுபுறம், ஒரு ஜிபி இணையத் தரவுக்கு நூறு ரூபாய்க்கும் மேல் செலுத்திய நிலை மாறி, சராசரி விலை சுமார் பத்து ரூபாய் அளவுக்கு இறங்கியுள்ளது. நுகர்வோருக்கு நன்மையும் தெரிவுக் குறைவும் ஒரே உத்தியிலிருந்து வந்துள்ளன.

வாடகைக் கார் சேவையான ஊபர் தொடர்பான வழக்கில், ஒரு பயணத்துக்கு 204 ரூபாய் நஷ்டம் ஏற்கப்படுவதாக மேரு நிறுவனம் குற்றஞ்சாட்டியது. இது விசாரிக்கத்தக்கது என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் கூறியது. விசாரணைக்குப் பின், ஆதிக்க நிலை நிறுவப்படவில்லை என்ற அடிப்படையில் 2021-இல் ஆணையம் வழக்கை முடித்தது.

இப்போதைய சிக்கல்

விரைவு வணிகத்தில் பிளிங்கிட், ஜெப்டோ, இன்ஸ்டாமார்ட் எனப் பல நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. 4-ஆவது பிரிவு ஒரு நிறுவனம் அல்லது ஒரே குழுமத்தின் ஆதிக்கத்தைப் பற்றியே பேசுகிறது. தனித்தனி நிறுவனங்கள் பல சேர்ந்து கொண்டிருக்கும் ஆதிக்கத்தை அது கணக்கில் கொள்வதில்லை. எனவே எல்லா நிறுவனங்களும் ஆழ்ந்த தள்ளுபடியில் விற்றாலும், எந்த ஒன்றும் ஆதிக்க நிலையில் இல்லை என்ற வாதம் எழ வாய்ப்புண்டு. அவற்றுள் ஒன்று ஆதிக்க நிலையை அடையும்போது சிறு கடைகள் பல மூடப்பட்டிருக்கக்கூடும் என்பதே வணிகர்களின் அச்சம்.

அந்நிய நேரடி முதலீடு பெற்ற மின்வணிகச் சந்தைத் தளங்களுக்கு வேறொரு கட்டுப்பாடும் உள்ளது. தளத்தில் விற்கும் பொருள்களின் விலையில் அவை நேரடியாகவோ மறைமுகமாகவோ தலையிடக் கூடாது. 2018-இல் அறிவிக்கப்பட்ட இந்தத் தெளிவுரை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

வணிகர்களும் நுகர்வோரும் கவனிக்க வேண்டியவை

போட்டி ஆணையத்திடம் நிறுவனங்கள் மட்டுமன்றி, தனிநபர், நுகர்வோர், வணிகர் சங்கம் என எவரும் உரிய கட்டணத்துடன் தகவல் அளிக்கலாம். தவறு உறுதியானால், முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இது நிறுவனத்தின் உலகளாவிய விற்றுமுதலைக் குறிக்கும்.

புகார் அளிக்கும் வணிகர்கள் ‘விலை குறைவு’ என்று மட்டும் கூறுவது போதாது. எந்தப் பொருள், எந்தப் பகுதி, கொள்முதல் விலை எவ்வளவு, விற்பனை விலை எவ்வளவு, எவ்வளவு காலமாக என்ற விவரங்களே புகாரை வலுப்படுத்தும்.

சிறு கடைக்காரர் இன்னொரு நிறுவனத்தின் முதலீட்டுப் பணத்துடன் விலையில் மட்டும் மோத முடியாது. ஆனால் பெரிய நிறுவனம் கண்டுகொள்ளாத வாடிக்கையாளர் யார், அவரால் எவ்வளவு கொடுக்க முடியும், அவருக்கு எது தேவையில்லை என்ற கேள்விகளை அவரும் எழுப்பலாம். அகமதாபாத்திலும் கடலூரிலும் சிறு முதலீட்டில் தொடங்கியவர்கள் எழுப்பிய கேள்விகள் இவையே.