மூக்கில் குழாய் வைக்கும் முன்

ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது சில சமயம் ஆக்சிஜன் சிலிண்டரும் கூடவே வருகிறது. கொண்டு வருபவர் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார். தினமும் அதைத் திறக்க வேண்டியது நாம்தான்.

முதலில் நம் கையைப் பார்ப்போம். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு வால்வைத் தொடக்கூடாது. அழுத்தத்தோடு வரும் ஆக்சிஜன் எண்ணெய்ப் பசையில் பட்டால் தீப்பிடிக்கலாம். வால்வு இறுக்கமா இருக்குதேன்னு எண்ணெய் விடவே கூடாது. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் சின்னப் பொறியையும் பெருந்தீயாக்கிவிடும். அதனால் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் அந்த அறையில் வேண்டாம். வீட்டு ஆம்பளைங்க பீடியும் வெளியேதான். (இதைச் சொல்றதுதான் கஷ்டம், ஆனாலும் சொல்லிடுங்க.)

சிலிண்டர் சாயாதபடி கட்டி வைத்து, வால்வை மெதுவாகத் திறக்கணும். இணைப்பில் புஸ்ஸுன்னு சத்தம் வந்தால் மூடிவிட்டு, கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். பாட்டிலில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கோடு வரை இருக்கணும், தினமும் மாற்றணும். அதில் குமிழி வருவதைப் பார்த்த பிறகே மூக்கில் குழாய்.

டாக்டர் 2 லிட்டர் என்றால் 2தான். "பாவம், மூச்சு வாங்குதே"ன்னு நாமாகக் கூட்டினால், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு நினைவே தப்பலாம். திணறல் அதிகமானால் 108-ஐக் கூப்பிடுவோம்.

மீட்டர் முள்ளையும் பாருங்கள். 1,500 லிட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் சுமார் 12 மணி நேரம் வரும். மாலை 6 மணிக்கு முள் பாதியில் நின்றால் நள்ளிரவில் தீர்ந்துவிடும். அடுத்த சிலிண்டருக்குக் கடை மூடும் முன்பே சொல்லிடணும்.