இந்த மருந்து கேட்குமா? குட்டிக் கட்டிகள் சொல்லும் பதில்

லேப்ல தட்டில் வளர்க்கிற கேன்சர் செல்களை ஒரு மருந்து கொன்றுவிடும். அதே மருந்தை நோயாளிக்குக் கொடுத்தால் பல சமயம் ஒன்றுமே நடக்காது. ஏன்? தட்டில் செல்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு, ஒரே அடுக்காக, தட்டையாக வளர்கின்றன. உடம்புக்குள் எந்தக் கட்டியும் அப்படி இருப்பதில்லை. போதாததற்கு, லேப்களில் புழங்கும் பல செல்கள் பல பத்தாண்டுகளாக வளர்க்கப்பட்டவை. ஹீலா செல்கள் 1951-ல் எடுக்கப்பட்டவை!

2009-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், ஹான்ஸ் கிளெவர்ஸின் குழு வேறு வழியைக் காட்டியது. எலிக்குடலின் ஒரே ஒரு ஸ்டெம் செல்லை ஜெல்லுக்குள் வைத்து, சில வளர்ச்சிப் புரதங்களை ஊற்றினார்கள். அது தானாகவே பெருகி, மடிப்பும் குழிவுமாக ஒரு குட்டிக் குடலாகிவிட்டது. அச்சில் வார்த்த மாதிரி யாரும் வடிவம் கொடுக்கவில்லை. இதைத்தான் ஆர்கனாய்டு என்கிறோம்.

இதையே நோயாளியின் கட்டியிலும் செய்யலாம். பயாப்ஸியில் எடுத்த துணுக்கிலிருந்து செல்களைப் பிரித்து, ஜெல்லில் வளர்த்து, சின்னச்சின்னக் குழிகளில் பங்கிட்டு, குழிக்கு ஒரு மருந்தாக ஊற்றிப் பார்க்கலாம்.

சரி, அந்தக் குட்டிக் கட்டி சொல்வது பலிக்குதா? 2018-ல் லண்டன் ஆய்வாளர்கள், பரவிய குடல், இரைப்பைப் புற்றுநோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். ஆர்கனாய்டில் கேட்காத மருந்து எதுவும் நோயாளிக்கும் கேட்கவில்லை. அதாவது 100 சதவீதம். ஆர்கனாய்டில் கேட்டது நோயாளிக்கும் கேட்டது 88 சதவீதம். ஆனால் ஒப்பிட்டது மொத்தம் 21 முறைதான். சின்ன எண்ணிக்கை, ஞாபகம் இருக்கட்டும்.

என்னைக் கேட்டால், இந்த ரெண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். குழியில் மருந்து செல்லின் மேலேயே விழுகிறது. அப்படியும் சாகாத செல், ரத்தம் வழியாக வந்து சேரும் மருந்துக்குச் சாவது கஷ்டம். ஆனால் குழியில் செத்தது உடம்பிலும் சாகும்னு உத்தரவாதம் இல்லை. ஆர்கனாய்டில் ரத்தக்குழாய் கிடையாது, நோயெதிர்ப்பு செல்லும் கிடையாது. அதனால் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்துகளை இதில் அப்படியே சோதிக்கவும் முடியாது.

எல்லா மருந்துக்கும் இது பொருந்துதான்னு பார்த்தால், அதுவும் இல்லை. 2019-ல் நெதர்லாந்தில் நடந்த பெருங்குடல் புற்று ஆய்வில், ஐரினோடெக்கான் சார்ந்த சிகிச்சையை ஆர்கனாய்டுகள் 80 சதவீதத்துக்கும் மேல் சரியாகக் கணித்தன. ஃப்ளூரோயூராசிலும் ஆக்சாலிபிளாட்டினும் சேர்ந்த சிகிச்சையில் கணிப்பு தோற்றுப்போனது.

ஆகவே, "உங்களுக்கேற்ற மருந்தைக் கண்டுபிடித்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் குறிப்பிட்ட மருந்துக்கு நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா? முடிவு வர எத்தனை வாரம் ஆகும்? கட்டி வளராமலே போனால் என்ன செய்வார்கள்? இப்போதைக்கு ஆர்கனாய்டின் பெரிய உதவி, எந்த மருந்து வேண்டாம் என்று சொல்வதுதான். பயனில்லாத ஒரு கீமோவின் வாந்தியும் களைப்பும் ஒருவருக்கு மிச்சமானால், அது சின்ன விஷயமா என்ன?